குடும்ப நிறைவுக் குழுவின் முன் அபிகெயில்

மலேசியாவின் செனாயில் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அபிகெயிலுக்குப் பழுது பார்க்கும் வேலை. பழுதைச் சரிசெய்வது வேறு ஆள். இருக்கிறதா இல்லையா என்று சொல்வது மட்டும் அவள். விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒரு பலகை வந்து நின்றால் நான்கு விநாடிகளில் சொல்லிவிடுவாள். பதினொரு ஆண்டுகளில் அவள் தப்பவிட்டவை மூன்றே பலகைகள். அவளுடைய வயிற்றில் என்ன பழுது என்று சொல்ல மருத்துவ உலகம் ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அது தன் தொழிலைவிடக் கடினமான தொழிலாக இருக்க வேண்டும் என்று அவள் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டாள்.

மாதந்தோறும் மூன்று நாட்கள் அவள் குளியலறைத் தரையில் படுத்துக் கிடப்பாள். தொழிற்சாலை தன் ஆட்களை அனுப்பும் பேனல் கிளினிக்கின் டாக்டர் முதல் இரண்டு ஆண்டுகள் அதை வாயு என்றார். பிறகு சிறுநீர்த் தொற்று என்றார். பிறகு மன அழுத்தம் என்றார். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு முறை சொன்னார். அவள் ஜோனதனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அதற்காக அல்ல, இருந்தாலும் செய்துகொண்டாள். சரியாகவில்லை. டாக்டர் தன் கணிப்பைக் கொஞ்சம் நகர்த்தி, பிள்ளை பிறந்தால் சரியாகும் என்றார். ஐந்து ஆண்டுகளாகியும் பிள்ளையும் பிறக்கவில்லை.

அந்த டாக்டர் விடுமுறையில் போன ஒரு நாள், அவர் நாற்காலியில் உட்கார வந்த மாற்று டாக்டர் அபிகெயிலைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார். இடது சினைப்பையில் ஏழு சென்டிமீட்டர் கட்டி, வலதில் மூன்று. கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சதை வெளியே அங்கங்கே ஒட்டி வளர்ந்து, மாதந்தோறும் அதுவும் சேர்ந்து ரத்தம் கசிகிறது. அந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கொள்கிறது. அதற்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் என்று அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மறு வாரம் பழைய டாக்டர் திரும்பி வந்து அந்தச் சொல்லைப் பார்த்தார். அவ்வளவு நீளமான சொல்லைத் தன் கிளினிக் தாங்காது என்று முடிவு செய்து, ஜொகூர் பாருவில் உள்ள மகளிர் நல மையத்துக்குக் கடிதம் கொடுத்தார்.

மையம் மிக அழகான கட்டடம். வாசலில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கும் பளிங்குச் சிலை. உள்ளே சுவர்களிலெல்லாம் குழந்தைகளின் படங்கள். வலியோடு வருகிறவர்களை அவை வரிசையாகச் சிரித்து வரவேற்கும்.

பதிவு மேசையில் மிஸ்ஸி பிரேமலா இருந்தார். இருபது ஆண்டு அனுபவம் உள்ள தாதி. எந்தக் கேள்விக்கும் படிவத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொல்லக் கூடியவர். பூஜ்யத்திலிருந்து பத்து வரைக்கும் வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னார். அபிகெயில் ஒன்பது என்றாள்.

“பிள்ளை பெத்திருக்கீங்களா?”

“இல்ல மிஸ்ஸி.”

“அப்போ ஒன்பது போட முடியாது. பத்துன்னா பிரசவ வலி. அது தெரியாம ஒன்பது எப்படித் தெரியும்? பிள்ளை பெறாதவங்களுக்கு இங்க ஆறு வரைக்கும்தான்.”

ஆறு என்று பதிவானது. அடுத்த கட்டத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை. கணினி பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்று முறை சிவப்பு எழுத்தில் திட்டியது. கடைசியில் மிஸ்ஸி ஒன்று என்று போட்டு, பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறித்தார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்கடுத்த மாதம் அபிகெயிலின் கைப்பேசிக்கு மையத்திலிருந்து செய்தி வந்தது: தங்கள் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாள் நெருங்குகிறது, மறந்துவிடாதீர்கள். இடைவேளையில் கேன்டீனில் உட்கார்ந்து அதை இரண்டு முறை வாசித்தாள். பக்கத்தில் இருந்தவள் என்ன செய்தி என்று கேட்டபோது, விளம்பரம் என்று சொல்லிவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

மையத்தில் அவளுக்கு இரண்டு அறைகள் ஒதுக்கப்பட்டன. நான்காம் அறை வலிப் பிரிவு. ஐந்தாம் அறை கருத்தரிப்புப் பிரிவு. இரண்டும் எதிரெதிரே இருந்தன. நடுவில் ஒரு மீன்தொட்டி. நான்காம் அறை டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, வலிக்கு மாத்திரை இருக்கிறது, ஆனால் அது மாதவிலக்கை நிறுத்தும், அதைச் சாப்பிட்டால் கரு தங்காது, பிள்ளை இல்லாதவளுக்கு அதைக் கொடுப்பது மையத்தின் கொள்கை அல்ல என்றார். ஆகவே முதலில் கருத்தரித்துவிட்டு வரச் சொன்னார். ஐந்தாம் அறை டாக்டர் அதே கோப்பைப் புரட்டிவிட்டு, வயிற்றை இந்த நிலையில் வைத்துக்கொண்டு கருத்தரிப்பது கடினம், ஆகவே முதலில் வலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வரச் சொன்னார். இருவரும் அன்பாகவே பேசினார்கள். இருவரும் எதிர் அறையைக் கை காட்டினார்கள்.

எட்டடி தூரத்தை அவள் கோப்போடு நடந்து கடந்திருக்கலாம். ஆனால் நோயாளிகள் தங்கள் கோப்பைத் தாங்களே தூக்கக் கூடாது என்பது விதி. கோப்பு தள்ளுவண்டியில் ஏறி, மின்தூக்கியில் இறங்கி, கீழ்த்தளப் பதிவறையில் முத்திரை வாங்கி, எதிர் அறைக்கு வந்து சேர இரண்டு வாரம் ஆகும். பதினான்கு மாதங்களில் அது பதினொரு முறை போய் வந்தது. மீன்தொட்டியில் இருந்த மீன்கள்கூட மாறிவிட்டன.

ஜோனதன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்தான். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் இரண்டாவது பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டிய பிறகு வருவான். அதிகம் பேசாதவன். அவளுக்கு முடியாத நாட்களில் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் குளியலறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருப்பான். அவன் தாய் அமலோற்பவம் அவர்களோடுதான் இருந்தாள். பொந்தியான் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவள். பேரப்பிள்ளை வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அதை அவள் மறைத்ததும் இல்லை. அபிகெயில் அவளிடம் வயிற்றைப் பற்றி விவரமாக எதுவும் சொன்னதும் இல்லை.

மார்ச் மாதம் மையம் விழிப்புணர்வு நாள் கொண்டாடியது. நோயாளிகள் மஞ்சள் சட்டை அணிந்து வந்து ‘வலிமைப் பெண்கள்’ என்ற நடையில் கலந்துகொள்ள வேண்டும். கலந்துகொள்கிறவர்களுக்கு அடுத்த சந்திப்புத் தேதி சீக்கிரம் கிடைக்கும் என்று மிஸ்ஸி பிரேமலா தொலைபேசியில் சொன்னார். அன்று அவளுக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். சீக்கிரம் என்ற சொல்லுக்காகப் போனாள்.

வாகன நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். கூடாரத்துக்கு அடியில் அதிகாரிகள். வெயிலில் வலிமைப் பெண்கள். மையத்தின் தலைவர் டத்தோ டாக்டர் காளியப்பன் நாற்பது நிமிடம் பேசினார்.

“இந்த மையத்தில் நாங்கள் பெண்களின் குரலுக்குச் செவி சாய்க்கிறோம்,” என்றார். “அதற்கென்றே தனி அறை ஒன்று கட்டியிருக்கிறோம். ஏழாம் அறை. ஒலி வெளியே போகாதபடி கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு திறக்கப்படும். பெண்ணின் பொறுமைக்கு எல்லை இல்லை. அந்தப் பொறுமைதான் இந்த மையத்தின் அஸ்திவாரம். நீங்கள் காத்திருக்கிறீர்கள், ஆகவே நாங்கள் இருக்கிறோம்.”

கைதட்டினார்கள். மஞ்சள் பலூன்களைப் பறக்கவிடும் நேரத்தில் அபிகெயில் மயங்கி விழுந்தாள். விழுந்த இடம் துரதிருஷ்டவசமாகப் பத்திரிகைப் படக்காரருக்கு நேர் முன்னால். மறுநாள் படம் வந்தது. படத்தில் டத்தோ அண்ணாந்து பலூனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு வலிமைப் பெண் கிடந்தாள்.

பதினான்கு மாதங்களில் நடக்காதது மூன்று நாட்களில் நடந்தது. அபிகெயிலின் விவகாரம் குடும்ப நிறைவுக் குழுவுக்குப் போனது. அப்படி ஒரு குழு இருப்பது அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் கருப்பையிலோ சினைப்பையிலோ கத்தி வைப்பதற்கு முன், அவளுடைய குடும்பம் நிறைவு பெற்றுவிட்டதா என்று தீர்மானிப்பது அதன் பணி. கணவனும் கணவனைப் பெற்றவர்களும் உடன் வர வேண்டும் என்று அழைப்பில் எழுதியிருந்தது. பெண் வருவது விரும்பத்தக்கது என்றும் எழுதியிருந்தது.

மூவரும் போனார்கள். ஜோனதன் விடுப்பு எடுத்திருந்தான். அமலோற்பவம் ஏதோ நேர்முகத் தேர்வு என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள்.

நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர். டத்தோவும் இன்னொரு டாக்டரும் நீங்கலாக, ஒரு சட்ட அதிகாரி, ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி, தரச் சான்றிதழ் பிரிவைச் சேர்ந்த இருவர், கட்டடப் பராமரிப்புப் பொறியியலாளர் ஒருவர். வாக்குகள் சரிசமமாகப் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகப் பொறியியலாளரைச் சேர்த்திருந்தார்கள். மிஸ்ஸி பிரேமலா குறிப்பெடுத்தார்.

டத்தோ கோப்பைத் திறந்து, எண்டோமெட்ரியோசிஸ் என்று நோயின் பெயரை வாசித்தார். பதிவில் ஒரு குழந்தை இருக்கிறதே என்றார். அது தற்காலிகம் என்று மிஸ்ஸி விளக்கினார். அப்படியானால் குடும்பம் தற்காலிகமாக நிறைவு பெற்றிருக்கிறது என்று கொள்ளலாமா என்று சட்ட அதிகாரி கேட்டார். அந்தப் பொருளில் கால் மணி நேரம் பேசினார்கள். தடுப்பூசி போட்டதற்கான சான்று கோப்பில் இல்லை என்று தரச் சான்றிதழ் பிரிவினர் கண்டுபிடித்தார்கள். இல்லாத குழந்தைக்கு ஊசி போடத் தவறியதற்காகத் தாய்க்கு ஒரு நினைவூட்டல் அனுப்பலாம் என்று முடிவானது. அபிகெயில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இதெல்லாம் தன் வயிற்றைப் பற்றித்தானா என்று ஒரு முறை சந்தேகப்பட்டாள்.

பிறகு டத்தோ ஜோனதனைப் பார்த்து, இவளுடைய உடம்பைப் பற்றி அவனுடைய விருப்பம் என்ன என்று கேட்டார்.

ஜோனதன் எழுந்து நின்றான். “அது அவதான் சொல்லணும் டத்தோ. வலிக்கிறது அவளுக்குத்தானே,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். கணவர் கருத்துக் கூறவில்லை என்று மிஸ்ஸி எழுதிக்கொண்டார்.

டத்தோ அமலோற்பவத்தின் பக்கம் திரும்பி, குரலை மென்மையாக்கிக்கொண்டார். இந்த மையம் மாமியார்களை மிகவும் மதிக்கிறது என்றார். இவ்வளவு பெரிய முடிவுகளில் பெரியவர்களின் ஏக்கத்தை மறந்துவிடக் கூடாது என்றார். பேரப்பிள்ளையைப் பார்க்க ஆசைதானே அம்மா என்று கேட்டார். ஏழு பேனாக்களும் தயாராக நின்றன.

“ஆசைதான்,” என்றாள் அமலோற்பவம். “வாராவாரம் மெழுகுவத்தி வைக்கிறேன்.”

டத்தோ தலையசைத்தார்.

“எனக்கும் இதே மாரி வலிச்சிச்சு ஐயா. பால் வாளியத் தூக்கிக்கிட்டு வரப்ப மரத்தடியில சுருண்டு படுத்துக்குவேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெஸர் மண்ணு கலர்ல ஒரு தண்ணி மருந்து குடுப்பாரு. காய்ச்சலுக்கும் அதுதான், காலு முறிஞ்சாலும் அதுதான். இவன் ஒருத்தன் பொறந்தான். அதுக்கப்புறமும் வலி போகல, இன்னொண்ணும் தங்கல. ஏன் ஒண்ணோட நிறுத்திட்டேன்னு லயத்துல இருந்த அத்தன வீடும் கேட்டுச்சு. நானா நிறுத்தினேன்? இப்ப நீங்க இங்கிலீசுல ஒரு பேரு சொன்னீங்களே, அத அன்னைக்கு யாராச்சும் சொல்லிருந்தா எனக்குப் பைத்தியமில்லன்னாச்சும் தெரிஞ்சிருக்கும். பிள்ள பெத்தா போயிடும்னு இவளுக்குச் சொல்லாதீங்க. நான் பெத்தவ. போகல.”

அபிகெயில் தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருஷம் ஒரே வீட்டில், ஒரே குளியலறையில், ஒரே வலியைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. அமலோற்பவம் அவளைப் பார்க்கவில்லை. பட்டுப்புடவையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

முதலில் தன்னைத் திரட்டிக்கொண்டவர் மக்கள் தொடர்பு அதிகாரி. இது மிகவும் உருக்கமான கதை, அடுத்த மார்ச் மாதம் மேடையில் சொல்ல முடியுமா, பால் வாளி ஒன்று ஏற்பாடு செய்துவிடலாம் என்றார். டத்தோ அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தீர்ப்புக்கு வந்தார்.

“நாங்கள் எதையும் மறுக்கவில்லை,” என்றார். “மறுப்பது இந்த மையத்தின் பண்பாடு அல்ல. நாற்பது ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கும் நாங்கள் முடியாது என்று சொன்னதில்லை. கேஐவி போடுகிறோம். பார்வையில் வைத்திருக்கிறோம். குடும்பம் நிறைவு பெற்றதும் நீங்களே வந்து சொல்லுங்கள், அன்றைக்கே கட்டியை எடுத்துவிடுவோம்.”

அபிகெயில் எழுந்து மேசையிடம் போனாள். கோப்பைத் தன் பக்கம் இழுத்து, கவ்வியைத் திறந்து, ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். அவசரப்படவில்லை. பலகைகளைப் பிரித்து வைக்கிற கை அது.

கோப்பு மையத்தின் சொத்து என்று சட்ட அதிகாரி நினைவூட்டினார்.

“அட்டை உங்களோடதுதான் சார். அத வெச்சிக்குங்க. உள்ள இருக்கறது என்னோடது.”

வெற்று அட்டையை மூடி, நாடாவைக் கட்டி, டத்தோவின் முன்னால் நேராக வைத்துவிட்டு வெளியே வந்தாள். காவலர் தடுக்கவில்லை. கோப்பைக் கொண்டுபோனால் தடுக்க வேண்டும் என்றுதான் அவருக்கு உத்தரவு. அவள் கையில் கோப்பு இல்லை.

அடுத்த வாரம் அரசாங்க மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கு எண் வாங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு உள்ளே போனாள். டாக்டர் நூர்ஹயாத்தி என்ற இளம் பெண். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது. மேசையில் பாதி சாப்பிட்ட பிஸ்கெட். படங்களைப் பார்த்து முடித்ததும் ஒரு தாளின் பின்பக்கம் கருப்பையை வரைந்தார். மலாயில் மெதுவாக விளக்கினார். கட்டியை எடுத்தால் வலி பெரும்பாலும் குறையும், ஆனால் அதோடு நல்ல கருமுட்டைகளும் போகலாம். ரத்தப் பரிசோதனைக் கணக்குப்படி அவற்றின் இருப்பே குறைவு. இடதை மட்டும் எடுத்துவிட்டு வலதைத் தொடாமல் விடலாம். முதலில் சோதனைக் குழாய் முறையை முயன்று பிறகு அறுக்கலாம். பிள்ளை வேண்டாம் என்றால் அறுக்காமல் மாத்திரையோடும் இருக்கலாம். இது திரும்பி வரக் கூடிய நோய் என்பதையும் சொன்னார்.

அப்படியென்றால் பிள்ளை பிறக்குமா என்று அபிகெயில் கேட்டாள்.

“தெரியாது,” என்றார் டாக்டர். “தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.”

இத்தனை ஆண்டுகளில் அவளிடம் ஒரு டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்வது அதுவே முதல் தடவை. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் பயந்துபோய்ப் பிஸ்கெட் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடையில் மீன் தலைக் கறி வாங்கி வைத்துக்கொண்டு அவளும் ஜோனதனும் அன்று வெகுநேரம் பேசினார்கள். தனக்குப் பிள்ளை ஆசை இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்ல முடியாது என்றான் அவன். தனக்கும் இருக்கிறது என்றாள் அவள். ஆனால் இன்னொரு வரிசையில், இன்னொரு எண்ணோடு, ஊசிகளோடு நிற்கத் தன்னால் முடியாது என்றாள். இடதை மட்டும் எடுப்பது, அதன் பிறகு ஆறு மாதம் தாங்களாகவே முயல்வது, இல்லையென்றால் மாத்திரை. அதற்குள் கறி ஆறிப்போயிருந்தது. இருவரும் அதைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

அறுவை நடந்தது. குடலோடு ஒட்டியிருந்ததைப் பிரிக்க நான்கு மணி நேரம் ஆனது. அமலோற்பவம் பத்து நாள் அவளுக்கு இஞ்சியும் பூண்டும் போட்ட சாறு வைத்துக் கொடுத்தாள். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் தரையில் படுக்கவைக்கும் வலி போய்விட்டது. ஒரு மாதவிலக்கின் இரண்டாம் நாளன்று நின்றபடியே முழு ஷிப்டையும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். சொன்னால் அந்தச் சுகம் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

ஆறு மாதங்களில் எதுவும் தங்கவில்லை. ஜோனதன் இன்னும் ஒரே ஒரு மாதம் பார்க்கலாமா என்று கேட்டான். அவன் எதையும் கேட்காதவன் என்பதால் சரி என்றாள். ஏழாவது மாதமும் ரத்தம் வந்தது. அன்று இருவரும் அழுதார்கள். மறுநாள் அவள் மாத்திரையைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமை அமலோற்பவம் வழக்கம்போல் மெழுகுவர்த்தி வாங்கினாள். இது எதற்கு என்று அபிகெயில் கேட்டாள். உன் உடம்புக்கு என்றாள் அவள்.

அந்த வாரம் மையத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் வந்தது. குடும்ப நிறைவுக் குழு தொடர்ந்து மூன்று கூட்டங்களில் தங்கள் கோப்பைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தது. கோப்பு முழுமையாகவும் ஒழுங்காகவும் உள்ளது என்று தரச் சான்றிதழ் பிரிவு உறுதி செய்துள்ளது. ஆகவே தங்களுக்கு வலி இருக்கிறது என்பதைக் குழு கொள்கையளவில் ஏற்றுக்கொள்கிறது. கீழே ஏழு கையெழுத்துகள்.

அபிகெயில் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, அமலோற்பவம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “அந்த அட்டையில ஒண்ணுமே இல்லியே?”

“ஒண்ணுமே இல்ல அத்தை.”

“ஏழு பேரும் படிச்சிருக்காங்களா?”

“மூணு தடவ.”

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; பிறகு கீரைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அபிகெயிலும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்கவில்லை.